மூன்றாம் ஹாலில் ஆள் இல்லை

மூன்றாம் ஹால். ஆட்கள்: பூஜ்யம்.

திரை அப்படித்தான் சொன்னது. திரை பொய் சொல்லாது என்று இன்ஜினியர் கல்பனா நம்பிய கடைசி நாள், அந்த ஆயுத பூஜை.

காலையில் எல்லாம் கலகலப்பாகத்தான் ஆரம்பித்தது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில், நெல் வயல்களுக்கு நடுவே ஒரு ஜன்னல்கூட இல்லாமல் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தின் கேட்டில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். டேட்டா சென்டர். உள்ளே நான்கு ஹால்கள். ஒவ்வொன்றிலும் பீரோ பீரோவாக அடுக்கிய சர்வர்கள். கடல் கடந்து எங்கோ ஒருவன் பட்டனைத் தட்டுவான். இங்கே ஏரித் தண்ணீர் பாயும் ஊரில் இவை மூச்சிரைக்க ஓடும். ஓடினால் சூடாகும். சூடானால் குளிர வைக்க வேண்டும். குளிர வைக்கத் தனியாக மின்சாரம்.

உள்ளே கற்பூரம் ஏற்றினால் புகை அலாரம் அலறிவிடும் என்பதால் பூஜையை வெளியே ஜெனரேட்டர் ஷெட்டில் வைத்துக்கொண்டார்கள். நடத்தி வைத்தவர் பஞ்சாட்சரம். செக்யூரிட்டி சூப்பர்வைசர். கட்டடம் நிற்கிற நிலத்தில் பாதி ஒரு காலத்தில் அவருடைய பங்காளிகளுடையது. அந்த உரிமையில் வாட்ச்மேனையும் இன்ஜினியரையும் ஒரே குரலில் அதட்டுவார்.

"ஸ்பேனரு வந்துச்சி. மீட்டரு வந்துச்சி. வாக்கி டாக்கி வந்துச்சி. அது இன்னா மேடம், உங்க கயுத்துல தொங்கிக்கினு கீது?"

"ஐடி கார்டுங்க."

"அது இல்லாம இங்க ஒரு கதவு தொறக்குதா? கக்கூஸ் கூட தொறக்காது. அப்போ நம்ம ஆயுதம் எது? கயட்டி வெய்யுங்க தாம்பாளத்துல!"

ஷெட்டே சிரித்தது. நியாயம்தானே? ஆளாளுக்குக் கார்டைக் கழற்றினார்கள். கல்பனாவும் கழற்றினாள். பஞ்சாட்சரம் ஒவ்வொன்றிலும் பயபக்தியோடு சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்.

"சாமுவேலு, உன்னுது எங்கடா?"

டெக்னீஷியன் சாமுவேல் தலையைச் சொறிந்தான். "நான் ஞாயித்துக்கெயம சர்ச்சுல வெச்சிக்கிறேன் அண்ணாத்த."

"மனுஷனுக்குத் தான்டா மதம். பிளாஸ்டிக்குக்கு இன்னா மதம்? வெய்யி."

"வெக்கிறேன். சுண்டலு மட்டும் ரெண்டு பொட்டலமா குடு."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பாய்ந்தது. "வூட்ல ஆக்கிப் போட்டா எறங்காது. ஓசில குடுத்தா மட்டும் ரெண்டு பொட்டலம் கேக்குது!"

செவ்வந்தி. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். சாமுவேலின் மனைவி. மறுபடியும் ஒரு சிரிப்பலை.

கல்பனா தாம்பாளத்தைப் போட்டோ எடுத்தாள். சந்தனப் பொட்டு வைத்த கார்டுகள், நடுவே ஒரு எலுமிச்சம்பழம். 'உத்திரமேரூரில் எங்கள் ஆயுதங்கள்!' என்று எழுதிக் கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். மற்ற ஐந்து ஊர்களில் இருந்த சென்டர்களிலிருந்தும் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். அதுவரை யாருக்குக் கதவு திறக்க வேண்டுமோ, பஞ்சாட்சரத்திடம் இருக்கும் மாஸ்டர் கார்டால் அவரே திறந்துவிடுவார். தீயணைப்பு வண்டி வந்தால் பயன்படுத்த வைத்திருந்த கார்டு அது. எல்லாக் கதவையும் திறக்கும்.

ஆனால் உள்ளே போனவன் யார் என்று எழுதிக்கொள்ளாது.

அந்தச் சின்ன விஷயம் அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்பனாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

*

ஏனென்றால் ஆட்களை எண்ணும் வேலையை அந்தக் கட்டடத்துக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

சர்வர்கள் ஒரு யூனிட் மின்சாரம் தின்றால் கட்டடம் மொத்தமாக எத்தனை யூனிட் தின்கிறது? அந்த விகிதம் ஒன்றுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு பெருமை. மேனேஜர் தமிழ்வாணன் அதை 'நம்பர்' என்றுதான் சொல்வார். காலையில் குட்மார்னிங்குக்குப் பதில், "நம்பர் என்ன?"

நம்பரைக் குறைக்க எளிய வழி, சர்வர்களை மெதுவாக ஓட விடுவது. அதற்கு வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டான். வேகம் குறையக் கூடாது. மின்சாரமும் குறைய வேண்டும். தராசில் ஒரு தட்டை ஏற்றாமல் இன்னொரு தட்டை இறக்கு என்கிற கதை.

கல்பனா வேறொரு இடத்தில் கை வைத்தாள். மனிதர்கள்.

வெளிச்சம் மனிதனுக்குத்தான். வெளிக்காற்றும் மனிதனுக்குத்தான். சர்வர் இருட்டில் ஓடும். பழைய காற்றிலேயே ஓடும். வெளியே இருக்கிற வெயில் காற்றை இழுத்து, வடிகட்டி, குளிரவைத்து உள்ளே தள்ளுகிற செலவு முழுக்க எப்போதோ வந்து போகும் நாலு ஆட்களுக்காக. கார்டு யாரும் தேய்க்காத ஹாலில் அதை ஏன் செய்ய வேண்டும்?

அப்படிப் பிறந்ததுதான் 'ஆளில்லா நிலை'. ஹாலில் ஆள் பூஜ்யம் என்று ஆனதும் விளக்கு அணையும். வெளிக்காற்று நிற்கும். தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு ஆக்ஸிஜனைக் குறைக்கும். நெருப்புக்கே மூச்சு இல்லாத இடத்தில் தீ எங்கிருந்து வரும்? முதலில் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஆளே இல்லாத ஹாலில் யாருக்காகச் சங்கு என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

நம்பர் மளமளவென்று இறங்கியது. போன மாதம் மற்ற ஐந்து சென்டர்களிலும் இதையே போட்டார்கள். கல்பனாவுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அந்தக் காற்றில் ஒரு விசேஷம் உண்டு. நெஞ்சு அடைக்காது. இருமல் வராது. சுகமாகத் தூக்கம் வரும்.

அவ்வளவுதான். தூக்கம் மட்டும்.

*

மதியச் சாப்பாட்டு வேளை. கண்ட்ரோல் ரூமில் கல்பனா தனியாக இருந்தாள். கதவு இடிபட்டது. கார்டு இல்லாததால் இன்று எல்லோரும் கதவை இடிக்கத்தான் வேண்டியிருந்தது.

செவ்வந்தி நின்றாள். கையில் எவர்சில்வர் டிபன் கேரியர்.

"மேடம், எங்க வூட்டுக்காரரு இங்க கீறாரா?"

"இல்லியே. கேன்டீன்ல பார்த்தியா?"

"பாத்தன். மாடி, ஷெட்டு, பைக் ஸ்டாண்டு எல்லாம் பாத்தன். வண்டி கீது. ஆளக் காணோம். போன் போட்டா எட்டாத தூரத்துல கீறாருன்னு ஒருத்தி இங்கிலீஷ்ல சொல்லிக்கினே கீறா."

கல்பனா சிரித்தபடி திரையைத் திருப்பினாள். "இரு, நாலு ஹாலையும் பார்த்துடலாம். ஒண்ணு, ஸீரோ. ரெண்டு, ஸீரோ. மூணு, ஸீரோ. நாலும் ஸீரோ. உள்ள யாரும் இல்ல செவ்வந்தி."

"கேமரால பாருங்க மேடம்."

பார்த்தாள். நான்கு சதுரங்களும் கறுப்பு. விளக்கு அணைந்த ஹாலில் கேமராவுக்கு என்ன தெரியும்?

"நிம்மதியா எங்கியாச்சும் படுத்துத் தூங்கிக்கினு இருப்பாரு, போ."

செவ்வந்தி நகரவில்லை. "ரெண்டு பொட்டலம் சுண்டலு வாங்கினாரு மேடம். ஒண்ணு எனுக்குன்னு சொன்னாரு. பிரிக்காம அப்டியே லாக்கர்ல கீது. துன்ற விஷயத்துல எங்காளு அப்டி வுட்டுட்டுப் போ மாட்டாரு."

அப்போதுதான் பஞ்சாட்சரம் வெற்றிலையை மென்றபடி வராந்தாவில் வந்தார். செவ்வந்தியின் குரல் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"யாரு, சாமுவேலா? அவன் மூணாம் ஹாலுக்கு இல்ல போனான்?"

கல்பனா நிமிர்ந்தாள். "எப்போ?"

"பூஜ முடிஞ்ச கையோட. தரைக்கு அடியில ஏதோ ஃபேன் ஒறுமுதாம். கரண்ட்ட இஸ்துக்குதாம். மேனேஜரு போன்ல சொன்னாரு, சத்தமில்லாம அவன அனுப்புன்னு. நான்தான் மாஸ்டர் கார்டப் போட்டுக் கதவு தொறந்து வுட்டேன். பூஜ நாளுல ஆயுதத்தத் தொட்டா எங்களுக்குத் தான் தோஷம், உனுக்கு இன்னாடா, போடான்னேன். சிரிச்சிக்கினே போனான்."

"திரும்பி வந்தாரா?"

பஞ்சாட்சரத்தின் தாடை அசைவது நின்றது.

"நான் பாக்கல."

பூஜை முடிந்த கையோடு. சாமுவேலின் கார்டு தாம்பாளத்தில் இருக்கிறது. அவன் உள்ளே போனதைக் கட்டடம் பார்க்கவில்லை. கட்டடத்தைப் பொறுத்தவரை, எல்லோரும் பூஜைக்கு வெளியே போனதிலிருந்து மூன்றாம் ஹால் காலி. அவன் நுழைந்தபோது காற்று இன்னும் குறைய ஆரம்பித்திருக்காது, அதனால்தான் கதவு திறந்திருக்கிறது.

இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். மூன்றாம் ஹாலின் ஆக்ஸிஜன். வெளிக்காற்றில் இருபத்தொன்று இருக்கும். இங்கே பதின்மூன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாயிற்று.

"அண்ணே, ஷெட்டுச் சாவி எடுங்க. மாஸ்டர் கார்டு ஆள எண்ணாது, என் கார்டு வேணும். ஓடுங்க!"

"மேடம், பூஜைல வெச்சத..."

"உள்ள சாமுவேல் செத்துக்கினு இருக்காருண்ணே!"

அறுபதை நெருங்கும் மனிதர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

*

கார்டில் காய்ந்த சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மூன்றாம் ஹால் கதவில் கல்பனா தேய்த்தாள். பீப் சத்தம். சிவப்பு விளக்கு மஞ்சளானது. சின்னத் திரையில் எழுத்துகள் ஓடின.

'நுழைவு கோரப்பட்டது. காற்று நிரப்பப்படுகிறது. காத்திருக்கவும்.'

"தொறக்கலியே!" என்றாள் செவ்வந்தி.

"ஆக்ஸிஜன் குறைவா இருந்தா தொறக்காது. யாரும் தெரியாம உள்ள போயிடக் கூடாதுன்னு. காத்த நிரப்பிட்டுத்தான் தொறக்கும்."

"எம்மா நேரம்?"

கல்பனாவுக்குப் பதில் தெரியும். உச்சி வெயில். வெளிக்காற்று அனல். அதை மொத்தமாக உள்ளே இழுத்தால் சர்வர்கள் சூடாகும். சூடானால் வேகம் குறையும். எனவே கட்டடம் காற்றைச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடும். முதலில் வேகம். அடுத்து மின்சாரம். மூன்றாவதாகத்தான் 'நுழைபவர் வசதி'. அந்த வரிசையை உட்கார்ந்து யோசித்து எழுதியவள் அவள். வெளியே நிற்பவன் கொஞ்சம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்து எழுதினாள்.

உள்ளே கிடப்பவனை அவள் நினைக்கவில்லை.

பஞ்சாட்சரம் மாஸ்டர் கார்டையும் தேய்த்துப் பார்த்தார். கதவு மசியவில்லை. தோளால் மோதினார். இரும்பு.

கல்பனா கண்ட்ரோல் ரூமுக்கே திரும்ப ஓடினாள். அங்கே சுவரில், கண்ணாடி மூடிக்குள், ஒரு சிவப்புப் பட்டன். அதை அழுத்தினால் நான்கு ஹாலிலும் மின்சாரம் ஒரே அடியாகப் போகும். பூட்டுகள் எல்லாம் விடுபடும்.

பட்டனுக்கு முன்னால் தமிழ்வாணன் நின்றிருந்தார். நுழைவு கோரப்பட்டதும் நம்பர் ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"மூணாம் ஹாலை யார் கிளறினது? சென்னையில உட்கார்ந்து சர்டிஃபிகேட்காரங்க நம்ம நம்பரைப் பார்த்துக்கிட்டிருக்காங்க கல்பனா. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்!"

"சார், உள்ள சாமுவேல் இருக்கார்."

"ஸீரோ காட்டுதே."

"அவர் கார்டு பூஜையில இருக்கு. நீங்கதான அவர உள்ள அனுப்பினீங்க?"

அவர் கண்கள் ஒரு கணம் விலகின. "அனுப்பினேன். அது காலையில. முடிச்சிட்டு எப்பவோ வந்திருப்பான். எங்கயாவது பீடி குடிச்சிக்கிட்டு இருப்பான், அவங்களத் தெரியாதா?"

"எங்காளுக்குப் பீடிப் பழக்கம் கெடையாது சார்." பின்னாலேயே வந்திருந்த செவ்வந்தியின் குரல் தணிந்திருந்தது. கத்தியிருந்தால் பயம் குறைந்திருக்கும்.

"நகருங்க சார். பட்டனை அழுத்தணும்."

"பைத்தியமா? மூணாம் ஹால்ல ஓடறது என்ன வேலைன்னு தெரியுமில்ல? மூணு வாரமா ஒரு செயற்கை மூளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கான் அந்தக் கஸ்டமர். இன்னும் கொஞ்ச நேரத்துல முடியப் போகுது. இப்ப நிறுத்தினா மொத்தமும் போச்சு. கதவு தானா தொறக்கும், காத்திரு."

திரையில் எண் ஏறவே இல்லை. பன்னிரண்டு. பன்னிரண்டிலேயே நின்றது. அரிசியில் கல் பொறுக்குவது போல நிதானமாகக் கணக்குப் பார்த்துக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது கட்டடம்.

"பத்து நிமிஷம், கல்பனா. பத்தே நிமி..."

தமிழ்வாணன் முடிக்கவில்லை. அவர் காதை உரசிக்கொண்டு எவர்சில்வர் டிபன் கேரியர் பாய்ந்தது. கண்ணாடி நொறுங்கியது. சாம்பாரும் சோறும் சுவரெல்லாம் வழிந்தன. அவர் திகைத்து ஒதுங்கிய அந்த நொடியில் செவ்வந்தி உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டுப் பட்டனைக் குத்தினாள்.

*

சத்தம் நின்றது.

கட்டடம் திறந்த நாளிலிருந்து ஒரு கணமும் ஓயாத அந்த இரைச்சல் நின்றபோதுதான், அது எவ்வளவு பெரிய இரைச்சல் என்று தெரிந்தது. வெகு தூரத்தில், வயலில் கொக்கு ஓட்டும் யாரோ ஒருவரின் குரல்கூடக் கேட்டது. பிறகு வராந்தா நெடுகப் பூட்டுகள் விடுபடும் சத்தம். டக். டக். டக்.

மூன்றாம் ஹால் கதவைப் பஞ்சாட்சரம் இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே கும்மிருட்டு. சூடு முகத்தில் அறைந்தது.

"மூச்சைப் பிடிச்சிக்கோ. தலை சுத்தினா உடனே வெளிய ஓடி வந்துடு," என்றாள் கல்பனா. "என் சேலையைப் பிடிச்சிக்கினே வா."

செல்போன் வெளிச்சத்தில் சர்வர் வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். தரையில் ஒரு பலகை பெயர்த்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அந்தக் குழிக்குள்ளிருந்து மங்கலாக ஒரு மஞ்சள் ஒளி. சாமுவேலின் நெற்றி விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

குப்புறக் கிடந்தான். ஒரு கையில் ஸ்பேனர். கன்னத்தைக் குழாய்மேல் சாய்த்திருந்தான், தலையணையில் சாய்கிற மாதிரி. ஃபேனைச் சரி செய்து முடித்திருந்தான். அதற்கப்புறம் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று தோன்றியிருக்கும்.

எப்படி இழுத்தார்கள், எங்கே இடித்துக்கொண்டார்கள் என்று பிறகு கேட்டபோது இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வராந்தா வெளிச்சத்தில் அவன் உதடுகள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. பஞ்சாட்சரம் அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். கம்பெனிப் பயிற்சியில் கற்றுக்கொண்டது. அப்போது பொம்மையை அழுத்தச் சொன்னதற்குச் சிரித்தவர், இப்போது அழுதுகொண்டே அழுத்தினார்.

"எய்ந்திருடா சாமுவேலு. தோஷம் இல்லன்னு சொன்னேன்டா. எய்ந்திருடா."

ஒரு கேவல். நெஞ்சு தூக்கிப் போட்டது. சாமுவேலின் கண்கள் பாதி திறந்தன. செவ்வந்தியைப் பார்த்தான். அவளைத் தாண்டி எதையோ பார்த்தான்.

"தூக்கம் வருது... வுடு..."

பளாரென்று ஓர் அறை. "தூங்கின, கொன்னுடுவேன் உன்ன! கண்ணத் தொற! என்னப் பாரு! நான் யாரு, சொல்லு!"

அவன் வெகு நேரம் யோசித்தான். பெயர் வரவில்லை. ஆனால் அவள் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

*

ஆம்புலன்ஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுச் சாலையில் மறைந்தது. பிழைத்துக்கொள்வான் என்றார் கூட வந்த நர்ஸ். பெயரும் ஞாபகமும் திரும்புமா என்று செவ்வந்தி கேட்டபோது அவர் கதவைச் சாத்திவிட்டார்.

வாசலில் உடைத்த பூசணிக்காய் வெயிலில் வதங்கிக் கிடந்தது. உள்ளே தமிழ்வாணன் யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர்கள் உறுமின. இரைச்சல் மறுபடியும் ஆரம்பித்தது. ஷெட்டில் எலுமிச்சம்பழம் உருண்டு கிடந்த தாம்பாளத்தின் முன்னால் பஞ்சாட்சரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

கல்பனா படியில் உட்கார்ந்தாள். போன் அதிர்ந்தது. கம்பெனி வாட்ஸ்அப் குரூப். யாரோ ஒரு படம் அனுப்பியிருந்தார்கள்.

பித்தளைத் தாம்பாளம். அதில் வரிசையாக ஐடி கார்டுகள். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். கீழே எழுதியிருந்தது: 'உத்திரமேரூருக்கு மட்டும்தான் ஆயுதமா? எங்களுக்கும்தான்! ஓசூர் சென்டர்.'

ஓசூரின் ஷிப்ட் இன்ஜினியர் தமிழரசனின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் உற்சாகமாக ஒரு குரல்.

"சொல்லுங்க மேடம்! போட்டோ பார்த்தீங்களா? உங்க ஐடியாதான். செம வரவேற்பு!"

"தமிழரசன், எல்லாக் கார்டும் பூஜையிலயா இருக்கு?"

"எல்லாமே மேடம். நாளைக்குக் காலையிலதான் எடுப்போம்."

"உங்க ஹாலுக்குள்ள இப்ப யாராவது இருக்காங்களா?"

"ஒரு நிமிஷம் மேடம்..."

நாற்காலி உருளும் சத்தம். கீ போர்டு தட்டும் சத்தம். பின்னணியில் யாரோ ஒரு பெண், "சாமிக்கண்ணு சாப்பிட வரலியா?" என்று யாரிடமோ கேட்பது மெல்லியதாக விழுந்தது.

தமிழரசன் திரும்பி வந்தான்.

"யாரும் இல்ல மேடம். ஸீரோ காட்டுது."